அட்வான்ஸ் யார் கையில்?

மணலி புதுநகரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்குள் அட்வான்ஸ் எவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். இந்த ஒரு ஆங்கிலச் சொல் நம் வடசென்னையில் செய்யும் வேலை கொஞ்சமல்ல. பொன்னேரி நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு லோடு ஏற்றும்போது அட்வான்ஸ், இறக்கிய பிறகு பேலன்ஸ். டீசலும் டோல்கேட்டும் டிரைவர் பேட்டாவும் அந்த அட்வான்ஸில்தான் ஓடும். காசிமேட்டில் படகுக்காரர் கடலுக்கு ஆள் சேர்க்கக் கொடுப்பதும் அட்வான்ஸ். கல்யாண மண்டபம், சமையல், மேளம் எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்த அச்சாரம் இப்போது அட்வான்ஸ் ஆகிவிட்டது.

பணம் முன்னால் போகிறது என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் அது யாருடைய பணம்? வீட்டு அட்வான்ஸ் நம் பணம், வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவர்தான் நமக்குத் தர வேண்டியவர். சம்பள அட்வான்ஸ் முதலாளியின் பணம், நம்மிடம் இருக்கிறது. அதற்கு நாம்தான் கடன்காரர். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டதால், நம் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதுகூட ஏதோ கடன் கேட்பதுபோல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறோம். அது தேவையில்லை.

வாடகை 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் என்றால் 70,000. நகையை அடகு வைக்காமல் அதைப் புரட்ட எத்தனை குடும்பத்தால் முடியும்? 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதாவது 21,000. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. பத்து மாத வழக்கம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் குடிபோகும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். காலி செய்யும் நாளில் பேசினால் சண்டைதான் வரும்.

சம்பள அட்வான்ஸுக்கு வருவோம். அதில் நல்லதும் உண்டு. தமிழக அரசு ஊழியர்களுக்கான பண்டிகை முன்பணம் 2025-இல் 10,000 ரூபாயிலிருந்து 20,000 ஆக உயர்ந்தது. வட்டியில்லை, தவணையில் பிடிப்பார்கள், என்றைக்கு முடியும் என்பது வாங்கும் அன்றைக்கே தெரியும்.

நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் கதை வேறு. ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏஜென்ட்டிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கணக்கு நோட்டு முதலாளியிடம். அறுத்த கல்லுக்கான கூலியில் அட்வான்ஸ் எவ்வளவு கழிந்தது என்பது அவர் சொன்னால்தான் உண்டு. கடன் தீரும்வரை ஊருக்குப் போகக் கூடாது என்று தடுத்தால், அது அட்வான்ஸ் அல்ல, கொத்தடிமைத்தனம். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் புரட்டினால், அது முதலில் விளக்கம் சொல்லும் சொல்லே 'அட்வான்ஸ்'தான். சட்டம் எழுதியவர்களுக்கு வேர் எங்கே என்று தெரிந்திருக்கிறது! அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்டவே வேண்டியதில்லை என்கிறது அந்தச் சட்டம். மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் தரலாம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. மணலியில் கன்டெய்னர் யார்டுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வடமாநிலத் தம்பிகள் நிறையப் பேர் வருகிறார்கள். வேலையில் சேருமுன் பயணச் செலவுக்கு முதலாளி கொடுத்த அட்வான்ஸைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது இது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதைத் தொடர்கிறது. உங்கள் வீட்டு மாடியில் அப்படி யாராவது குடியிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

கொடுத்தாலும் வாங்கினாலும் தேதி போட்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போனில் பணம் அனுப்புகிறவர்கள், குறிப்பு எழுதும் இடத்தில் 'வீட்டு அட்வான்ஸ்' என்றோ 'சம்பள அட்வான்ஸ்' என்றோ முழுதாக எழுதி அனுப்புங்கள்.