பழைய ஆறு சிலிண்டர் வண்டிக்குப் புதிய சைலன்ஸர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பம்மலில் பட்டறை வைத்திருப்பவன் வேறு எதைப் பேசுவேன்? சமீபத்தில் வந்த ஒரு வண்டியைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

1951ஆம் வருஷத்து செவர்லே பிக்கப். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றதே, அந்தக் காலத்து ஆசாமி. ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 92 குதிரை சக்தி. சொந்தக்காரர் வந்ததும், "சார், மூணு இஞ்ச் பைப் போட்டுடுங்க. சத்தமும் கெத்தா இருக்கணும், இழுவையும் கூடணும்" என்றார்.

சத்தம் கூடும், இழுவை கூடாது. குழாய் அளவுக்கு மீறி அகலமானால் புகையின் வேகம் குறைகிறது. தாழ்ந்த சுற்றில் எஞ்சின் சோர்ந்துபோகும். பாரம் ஏற்றும் வண்டிக்குத் தாழ்ந்த சுற்றில்தானே வேலை!

முதலில் கேஸ்கட்டைப் பார்த்தோம். காலையில் எஞ்சின் சூடேறுமுன் ஸ்டார்ட் செய்து, பின்குழாயை ஈரச் சாக்கால் ஒரு நொடி அடைத்தால் ஒழுக்கு 'உஸ்' என்று காட்டிக்கொடுத்துவிடும். மேனிஃபோல்டு ஓரமாகக் கரிக்கோடு. டிரைவர் காலடித் தகட்டிலோ ஓட்டை. காஞ்சிபுரம் போய்வந்தாலே தலைவலி என்றாராம் டிரைவர். வெயில் என்று நினைத்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ்கட்டை மாற்றி, ஓட்டையை அடைத்த பிறகு தலைவலி வரவில்லை. மற்ற வேலையை விட்டாலும் இதை விடக்கூடாது.

இனி மாணவர்களுக்கான விஷயம். எரியும் வரிசை 1-5-3-6-2-4. ஒவ்வொரு 120 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் எரிகிறது. ஆனால் புகை வால்வு அதைவிட அதிக நேரம் திறந்திருக்கிறது. ஒன்றின் புகை வெளியேறி முடியுமுன் அடுத்தது வந்து மோதும். வரிசையை இன்னொரு தடவை பாருங்கள்: முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வருகின்றன. மேனிஃபோல்டை நடுவில் பிரித்து இரண்டு குழாய் விட்டால், ஒவ்வொரு குழாயிலும் இடைவெளி 240 டிகிரி. 1953இல் வந்த கார்வெட் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கும் இரட்டைக் குழாய்தான்.

நாங்களும் அப்படியே பிரித்தோம். வார்ப்பிரும்பை அவசரப்பட்டு வெல்டிங் செய்தால் விரிசல் விடும். சூடாக்கி, நிக்கல் ராடால் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து ஒரு நாள் ஆறவைத்தோம். பிறகு ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய் இரண்டு, இரண்டு சைலன்ஸர். பழையதைக் கழற்றும்போது உள்தகடு பொலபொலவென்று கொட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அனகாபுத்தூர்ப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டி. வெளியே பெயிண்ட் மட்டும் பளபளப்பு!

சைலன்ஸரே வேண்டாம் என்கிற இளைஞர்களுக்கு: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதியைப் படித்துவிட்டுப் பட்டறைக்கு வாருங்கள்.

எத்தனை குதிரை சக்தி கூடியது என்று கேட்காதீர்கள். டைனமோமீட்டரில் ஏற்றிப் பார்க்கவில்லை. பல்லாவரம் மேம்பாலத்தில் முன்பு கியர் இறக்க வேண்டியிருந்தது, இப்போது வேண்டியதில்லை.

வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. பானட்டைத் திறந்து பாருங்கள். இப்போதுதான் ஓட்டி வந்தேன். மேனிஃபோல்டில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.