கைப்பந்தில் தடுப்பு: பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை
(தோட்டப் பெற்றோர்களிடையேயும் இளைஞர் மன்றத்தினரிடையேயும் ஆற்றிய உரை)



மாலை வேளையில் தோட்டத் திடலில் வலை கட்டிக் கைப்பந்து ஆடுவது நமக்குப் புதியதன்று. இடைநிலைப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளும் அங்கே அண்ணன்மாரிடம் ஆட்டத்தைக் கற்கின்றனர். பந்தைப் போடவும், எடுத்துக் கொடுக்கவும், ஓங்கி அடிக்கவும் விரைவில் பழகிவிடுகின்றனர். ஆனால், எதிரணியின் அடியை வலைக்கு மேலே கைகளை உயர்த்தித் தடுக்கும் திறனை மட்டும் நாம் முறையாகக் கற்பிப்பதில்லை. "நீ உயரமானவன், வலையருகே நின்று குதி" என்று சொல்வதோடு நமது பயிற்சி முடிந்துவிடுகிறது.

இதன் விளைவை நாம் அறிவோம். விரல் மடங்கி வீங்குகிறது, கணுக்கால் பிசகுகிறது. கைப்பந்தில் மிகுதியாக நேரும் காயங்களுள் கணுக்கால் சுளுக்கு முதன்மையானது. வலையருகே குதித்து இறங்கும்போது பிறர் பாதத்தின் மீது மிதித்துவிடுவதே அதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. நொண்டிக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளையை மீண்டும் திடலுக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அவர்களைக் குறை கூற இயலாது. கற்பிக்கும் முறையைத் திருத்திக்கொள்வது நம் கடமையாகும்.

பால்மரம் வெட்டப் பழகும் புதியவரிடம் முதல் நாளே நல்ல மரத்தை ஒப்படைப்பதில்லை அல்லவா? அழிக்கப்படவிருக்கும் முதிர்ந்த மரத்தில் கத்தி பிடிக்கப் பழக்கிய பின்னரே நிரையில் விடுகிறோம். தடுப்பும் அத்தகையதே. முதலில் கால், அடுத்துக் கண், அதன்பின் கை, இறுதியில்தான் குதித்தல்.

முதலாவதாகக் கால். வலைக்கு மிக ஒட்டாமல், ஏறத்தாழ அரைக்கை தூரத்தில், முழங்கால்களைச் சற்றே மடக்கி, உள்ளங்கைகளைத் தோளுக்கு மேல் வைத்து நிற்கச் செய்ய வேண்டும். சிறிது தூரம் செல்லப் பக்கவாட்டில் நகரலாம். தொலைவு அதிகமாயின் காலைக் குறுக்கே எடுத்து வைத்து மூன்றே அடிகளில் செல்லலாம். கடைசி அடியில் உடல் நிலைபெற்று, நெஞ்சு வலையை நோக்கியிருத்தல் வேண்டும். ஓடிய வேகத்திலேயே சாய்ந்து குதிப்பவர்தாம் அடுத்தவர் மீது விழுகிறார். தொடக்க நாள்களில் இப்பயிற்சிக்குப் பந்தே தேவையில்லை.

இரண்டாவதாகக் கண். பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை எப்போதும் காலந்தாழ்த்தியே குதிக்கும். முதலில் பந்து, பிறகு எடுத்துக் கொடுப்பவர், மீண்டும் பந்து, அதன்பின் அடிப்பவர் என்ற வரிசையில் பார்வை செல்ல வேண்டும். அடிப்பவர் ஓடிவரும் திசையும் அவருடைய தோளும் பந்து செல்லும் வழியை உணர்த்தும். பந்து உயரமாகக் கொடுக்கப்பட்டால், அடிப்பவர் குதித்த பின்னர், ஒரு கணம் பொறுத்தே நாம் குதித்தல் வேண்டும்.

மூன்றாவதாகக் கை. மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிட வேண்டும். விரல்களை விரித்து விறைப்பாக வைத்து, கட்டை விரல்கள் மேல்நோக்கியிருக்கச் செய்ய வேண்டும். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். இரு கைகளுக்கும் இடையே அதைவிடக் குறைந்த இடைவெளியே இருத்தல் வேண்டும். கைகளை மேலிருந்து கீழே வீசினால் வலையில் பட்டுத் தவறாகும். வலைக்கு மேலாக முன்னோக்கி நீட்டுவதே முறை. எதிரணியினர் அடிக்கும் முன்னரே வலைக்கு அப்பால் பந்தைத் தொடுதலும் தவறு. கோட்டோரம் நிற்பவர் வெளிப்புறக் கையைச் சற்று உட்புறம் திருப்பினால், பந்து வெளியே தெறிக்காமல் எதிரணியின் களத்திலேயே விழும்.

இவை பழகிய பின்னரே குதித்தல். ஆடவர் வலையின் உயரம் 2.43 மீட்டர், மகளிர் வலையின் உயரம் 2.24 மீட்டர். தொடக்கத்தில் இவ்வுயரம் வேண்டாம். இரு கம்பங்களுக்கிடையே தாழ்வாகக் கயிறு கட்டுவோம். பயிற்றுநர் மறுபுறம் உறுதியான பலகைமேல் நின்று, பிள்ளையின் கைகளை நோக்கிப் பந்தை மெல்ல அடிக்கலாம். இறங்கும்போது இரு பாதங்களும் ஒருங்கே, முழங்கால் மடங்கி, குதித்த இடத்திலேயே ஊன்ற வேண்டும். பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மீதோ அதற்கு நேர் மேலோ இருக்கும்வரை, எஞ்சிய பகுதி கோட்டைக் கடப்பதை விதி பொறுத்துக்கொள்ளும். நம் பயிற்சியிலோ விரல் நுனியும் கடத்தலாகாது என்று கண்டிப்பாக இருப்போம். காலடியில் பந்து உருண்டுவந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்துவோம்.

குள்ளமான பிள்ளைக்கு இது எதற்கு எனச் சிலர் கேட்கலாம். ஆட்டக்காரர்கள் இடம் சுற்றி வருவதால் அப்பிள்ளையும் முன்வரிசைக்கு வந்தே தீரும். பின்வரிசையினர் தடுத்தலாகாது என்பதால் அவ்விடத்தில் வேறொருவர் உதவவும் இயலாது. உயரம் எட்டாதவர் உள்ளங்கைகளைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்தால், பந்து வேகம் குறைந்து நம் பக்கமே மேலெழும். 1976ஆம் ஆண்டில் செய்யப்பட்ட விதி மாற்றத்தின்படி தடுப்பில் பட்ட தொடுதல் கணக்கில் சேர்வதில்லை; அதன்பின்னும் நமக்கு மூன்று தொடுதல்கள் உண்டு. ஆகவே, பந்தை வீழ்த்தியவரைப் போலவே வேகத்தைக் குறைத்துக் கொடுத்தவரையும் நாம் பாராட்டுதல் வேண்டும்.

பெரியோர்களே, இம்முறையில் பழகும் பிள்ளை முதல் சில வாரங்களில் ஒரு பந்தையும் தடுக்காமல் போகலாம். பொறுத்திருப்போம். கால் உறுதியாக ஊன்றப் பழகிய பிள்ளையை அச்சமின்றித் திடலுக்கு அனுப்பலாம். இன்று மாலையே பந்தை ஒருபுறம் வைத்துவிட்டு, வலையோரம் காலடிப் பயிற்சியைத் தொடங்குவோம்.