வானநூலில் ஓர் ஆராய்ச்சிப் பட்டம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தா நான். வானநூலைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். பி.எஸ்ஸி. தேறிய என் மகள், வானநூலில் ஆராய்ச்சி வழியாக எம்.எஸ்ஸி. பட்டம் பெற விரும்புகிறாள். "வங்கித் தேர்வு எழுதினாலென்ன?" என்று கேளாதவர் நம் காலனியில் இல்லை. நானும் கேட்டேன்.

அவள் விளக்கினாள். பாடம் கேட்டு எழுதும் தேர்வில், வினாத்தாள் குறித்தவருக்கு விடை முன்னமே தெரியும். ஆராய்ச்சியிலோ வழிகாட்டும் ஆசிரியருக்கும் விடை தெரியாது. மாணவரே தேடிக் கண்டு, ஆய்வேடு எழுதி, வல்லுநர் முன் நிலைநாட்ட வேண்டும்.

"அப்படிப் படித்தவர் யாரம்மா?" என்றேன். ஜோஸ்லின் பெல் அம்மையாரைச் சொன்னாள். அவர் கேம்பிரிட்ஜில் பயின்றது இதற்கு மேற்படியான டாக்டர் பட்டத்திற்கு. ஆயினும் முறை ஒன்றே.

நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்பங்கள் நட்டு, கம்பி இழுத்து, ரேடியோ தொலைநோக்கியை அமைப்பதிலேயே அவருக்கும் தோழர்களுக்கும் இரண்டாண்டு சென்றது. 1967-இல் அது இயங்கத் தொடங்கியதும் நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறடி நீளக் காகிதச் சுருள் வெளிவந்தது. அத்தனையையும் கண்ணால் பார்த்தவர் அவரே. நானூறடிக் காகிதத்தில் கால் அங்குல அளவே ஒரு கிறுக்கல்! தள்ளிவிடாமல் தொடர்ந்தார். 1.33 வினாடிக்கொரு துடிப்பாக வந்த அக்குறி, சுழலும் நியூட்ரான் விண்மீன் ஒன்றினுடையது என்று பின்னர்த் தெளிவாயிற்று. சூரியனைப் போன்ற எடை. அகலமோ ஒரு நகரத்தளவே.

அன்பர்களே, கணக்கில் ஒரு வண்டியின் எண் ஒட்டாவிட்டால் எனக்கு அன்றிரவு உறக்கம் வராது. ஆகவே அந்தக் கால் அங்குலம் எனக்கு நன்கு விளங்கியது.

இத்தனைக்கும் அவருடைய ஆய்வேட்டில் இச்செய்தி பிற்சேர்க்கையாகவே இடம்பெற்றதாம். 1974-இல் நோபெல் பரிசு அவர் ஆசிரியருக்கும் வேறொருவருக்குமே சென்றது. 2018-இல் வேறொரு பரிசாகக் கிடைத்த முப்பது இலட்சம் டாலரை, வாய்ப்புக் குறைந்த மாணவர்களின் ஆராய்ச்சிப் படிப்புக்கே அளித்துவிட்டார்.

நாம் வாழும் இப்புனேக்கு வடக்கே, கோடத் கிராமத்தைச் சுற்றி, 45 மீட்டர் அகலமுள்ள 30 ரேடியோ தொலைநோக்கிகள் அத்தகைய விண்மீன்களையும் ஆராய்கின்றன. மகளின் நாட்டம் அங்கேதான்.

விண்ணப்பத்தில் நேற்றிரவு கையொப்பமிட்டேன். அவள் தாயார் இன்னும் முழுமனத்தோடு இசையவில்லை. இதோ, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறாள்.