சொல்லின் உறுப்பும் சொல்லின் வழக்கும்



பிரம்ம சூத்திரத்திற்கு ஸ்ரீபாஷ்யம் என்னும் பேருரை கண்ட இராமானுசர் 1017-ஆம் ஆண்டில் தோன்றிய ஊர் ஸ்ரீபெரும்புதூர். சொல்லைப் பகுத்துப் பொருள் காணும் கலை அவ்வூர்க்குப் புதிதன்று. ஆயின், இன்று அக்கலை அங்கு வேறொரு வகையில் வேண்டப்படுகிறது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. தமிழ்வழியில் பயின்ற இளைஞர் பலர் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே அப்பகுதியில் பணியாற்றுகின்றனர்.

ஆங்கிலச் சொற்கள் பலவும் முன்னொட்டு, வேர், பின்னொட்டு எனப் பிரியும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பகுபத உறுப்புகள் ஆறனை நன்னூலில் கற்றவர்க்கு இம்முறை எளிதிற் கைவரும். ‘சூப்பர்வைசர்’ என்னும் சொல்லில் ‘சூப்பர்’ என்பது மேல். நடுவிலுள்ள வேர் பார்த்தலைக் குறிக்கும். ஈறு செய்பவரைக் காட்டும். மேல், பார்வை, ஆளர் என்று அதே வரிசையில் நிற்பது ‘மேற்பார்வையாளர்’ என்னும் தமிழ்ச்சொல். ‘போர்ட்’ என்னும் வேர்க்குச் சுமந்து செல்லுதல் என்பது பொருள். வெளியே சுமப்பது ‘எக்ஸ்போர்ட்’. உள்ளே சுமப்பது ‘இம்போர்ட்’. ஓரிடம் கடந்து மற்றோரிடம் சுமப்பது ‘டிரான்ஸ்போர்ட்’. ஒரு வேரை அறிந்தவர் மூன்று சொற்களை அறிந்தவர் ஆகிறார்.

எனினும், வேர் மட்டுமே பொருளை முடிவு செய்வதில்லை. ‘மேனுஃபேக்சர்’ என்பதன் இலத்தீன் வேர்கள் ‘கையால் செய்தல்’ என்றே பொருள்படும். இன்றோ எந்திரக் கைகள் பற்றவைக்கும் காருக்கும் அச்சொல்லே வழங்குகிறது. முள்ளுடைய செடிகள் பல இருப்பினும் ‘முள்ளி’ என்னும் பெயர் ஒரு செடிக்கே வழங்குதலைக் காரண இடுகுறி என்பர் இலக்கணத்தார். காரணம் பெயரைத் தரும். எல்லையை வகுப்பது வழக்கே. சொற்பொருளின் காரணம் பார்த்த அளவில் விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் உரைத்ததும் இதனையே.

இவ்வுண்மையை மறந்தால் உயிர்க்கே கேடு நேரலாம். வண்ணப்பூச்சுப் பிரிவில் தின்னர் நிறைந்த பீப்பாயின்மேல் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது எனக் கொள்வோம். ‘இன்கரெக்ட்’ என்றால் சரியல்லாதது; ‘இன்விசிபிள்’ என்றால் கண்ணுக்குப் புலப்படாதது. இவற்றை மட்டும் கற்ற இளைஞர், ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதனைத் தீப்பற்றாதது என்று கொள்வது இயல்பு. ஆனால் அதன் பொருள் எளிதில் தீப்பற்றுவது என்பதாகும். ஈரிடத்தும் எழுத்து ஒன்றே, முன்னொட்டு வேறு. ஒன்று மறுப்பைக் குறிப்பது. மற்றொன்று ‘உள்’ என்னும் பொருளது. ஆலையில் நாள்தோறும் ஒலிக்கும் ‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்னும் சொல்லில், ‘உள்ளே நோக்குதல்’ என நிற்பதும் அந்த இரண்டாவது ‘இன்’ தான்.

தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வேருக்குப் பின்னர் வரும். ‘எரியாத’ என்னும் சொல்லில் ‘எரி’ என்பதை அடுத்தே மறுப்பு நிற்கிறது. அதனால், சொல்லின் தலையிலேயே மறுப்பைத் தேடப் புதிதாய்ப் பழகியவர் இங்கு எளிதில் இடறுவர். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் கூட இடறினர். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே முன்னொட்டை நீக்கி ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதுமாறு வலியுறுத்தியது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமோ பழைய சொல்லையே ஆண்டது. எனினும், ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு தொழிலாளருட் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று அச்சட்டமே வகுத்தது.

ஆகவே, ஆங்கிலச் சொல்லைக் கற்பார்க்கு வழி மூன்று. முதலில் சொல்லைப் பகுத்தல். அடுத்து, அவ்வுறுப்பு வரும் பிற சொற்களோடு ஒப்பிடல். இறுதியாக, சொல் நிற்கும் இடத்தை நோக்கல். பீப்பாயின்மேலுள்ள தீச்சுடர்ப் படம் அவ்விடத்தைக் காட்டும். கவிஞர்க்கும் இங்கு ஒரு கடமை உண்டு. ‘எளிதில் தீப்பற்றும்’ என்னும் இரு சொற்கள் எவரையும் மயக்குவதில்லை. அத்தகைய தெளிந்த சொற்களை ஆக்கி ஆலைகளுக்கு வழங்குதலும் தமிழ்ப்பணியே ஆகும்.