கல்லைக் கேட்டால் சொல்லும்

(நாமக்கல் பக்கத்துக் கிராமமொன்றில் வாலிபர்களும் சிறுவர்களும் துவக்கிய கல் சேகரிப்புக் கழகத்தின் முதல் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இக்கழகத்தைத் துவக்கி வைக்கும்படி இவ்வூர் வாலிபர்கள் நம்மைக் கேட்டபோது நாம் சிறிது தயங்கினோம். நாம் பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்று, பிறகு கையில் அகப்பட்ட புத்தகங்களைப் படித்துத் தெரிந்து கொண்டவரேயன்றிப் பாறை சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவரல்ல. ஆனாலும் கல்லைக் கும்பிட்டால் பக்தி என்றும், அதே கல்லைக் கையிலெடுத்து இது என்னவென்று கேட்டால் பைத்தியம் என்றும் சொல்லுகிற நாட்டில், கேட்கத் துணிந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்பது நமது கடமையென்று எண்ணி வந்தோம்.

“கல்லைப் பொறுக்கினால் சோறு வருமா?” என்று பெரியவர் ஒருவர் சற்று முன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஐயா, உங்கள் பக்கத்துச் சித்தம்பூண்டியில் கிடக்கும் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். சந்திரனின் மேட்டு நிலமும் இந்த இனப் பாறையே. ஆகையால்தான் 2019-ல் புறப்பட்ட சந்திரயான்-2க்காக, சந்திரனில் இறங்கும் கருவியையும் ஓடும் வண்டியையும் இங்கேயே சோதித்துப் பார்க்க, இப்பக்கத்துப் பாறையை வெட்டிக்கொண்டு போய்ப் பொடி செய்து சந்திர மண்ணைப்போல் பரப்பினார்கள். சந்திர தோஷத்துக்குப் பரிகாரம் செய்தவர்கள் சந்திரனைப்பற்றி ஒன்றும் அறியவில்லை. நீங்கள் மாடு கட்டிய பாறையைச் சோதித்தவர்கள் அறிந்தார்கள்.

அந்தப் பாறைக்குள்ளேயே குருந்தம் இருக்கிறது. சாணை பிடிக்க உதவிய கல். உலகமெல்லாம் இதைக் ‘கொரண்டம்’ என்று வழங்குகிறது. அச்சொல்லே நமது ‘குருந்தம்’ என்பதிலிருந்து போனதுதான். இக்கல்லில் குரோமியம் துளி கலந்து சிவந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் துளி கலந்து நீலமானால் அதுவே நீலக்கல். இரண்டும் அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த ஒரே பொருள். ஆனால் சோதிடர் என்ன சொல்லுகிறார்? மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சனிக்கு, இரண்டும் ஒன்றுக்கொன்று ஜன்மப் பகை, சேர்த்து அணியலாகாது என்கிறார். ஒரே பொருள் தனக்குத்தானே பகையாவது எப்படி என்று கேட்டால் பதில் உண்டா?

தோழர்களே, இதை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நமது தகப்பனார் படுக்கையில் கிடந்தபோது, சனி பிடித்திருக்கிறதென்று ஒருவர் சொல்ல, நமது தாயார் காதுத் தோட்டை அடகு வைத்து நீலக்கல் மோதிரம் வாங்கிப் போட்டார்கள். மருந்துக்கு வைத்திருந்த பணமும் அதோடு போயிற்று. தகப்பனாரும் போய்விட்டார். பல வருஷம் கழித்து, ஒரு வெங்கச்சங்கல்லால் அந்த மோதிரக் கல்லைக் கீறிப் பார்த்தோம். கோடு விழுந்தது. அது வெறும் கண்ணாடி! அசல் நீலமாயிருந்தாலும் நோய் தீர்ந்திருக்காது. அது வேறு விஷயம். ஆனால் கீறிப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை அன்று நம் வீட்டிலிருந்திருந்தால் அந்தத் தோடாவது மிஞ்சியிருக்கும், மருந்தாவது வந்திருக்கும்.

அந்தக் கீறும் வித்தையைத்தான் இக்கழகம் முதலில் கற்பிக்க வேண்டும். 1812-ல் மோஸ் என்ற ஜெர்மானியர் பத்துக் கற்களை மெதுவிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தினார். நகம் இரண்டரை, கத்தி சுமார் ஐந்தரை, வெங்கச்சங்கல் ஏழு, குருந்தம் ஒன்பது, வைரம் பத்து. கடினமானது மெதுவானதைக் கீறும். மெருகில்லாத ஓட்டின் முதுகில் கல்லைத் தேய்த்தால் அதன் உண்மை நிறம் கோடாய்த் தெரியும். சுண்ணாம்புக் கல்லின் பொடியில் புளித்த சாறு விட்டால் நுரைக்கும். இதற்குக் காசும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்.

விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரையில் மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. விஷ்ணு கொன்ற வக்கராசூரனின் எலும்புகள் என்று கதை சொன்னார்கள். சோனராத் என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே அவற்றைக் குறித்து வைத்தார். அவை சுமார் இரண்டு கோடி வருஷத்து மரங்கள் என்று பாறை நூலார் சொல்லுகிறார்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றின் சாளக்கிராமமோ, பத்துக் கோடி வருஷங்களுக்கும் முன் கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டுப் பிராணியின் கல்லான ஓடு. அதே இனத்தவை அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்திலும் கிடக்கின்றன. அவற்றுக்கு மட்டும் அபிஷேகமில்லை!

அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஊர்ச் சங்கங்கள் 1947-ல் ஒரு கூட்டமைப்பானது. அதில் சிறுவர்க்கென்றே திட்டம் வகுத்து, சேகரிப்பதற்கும், சபையில் எழுந்து விளக்குவதற்கும் தனித்தனி வில்லை கொடுக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போடுங்கள். எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று எழுதுங்கள். சீட்டில்லாத கல் தெருக்கல்தான். நிலத்துக்காரரைக் கேளாமல் எடுக்காதீர்கள். தனியாகக் கல்குவாரிக்குள் போகாதீர்கள். கண்ணை மூடும் கண்ணாடியில்லாமல் சுத்தியல் பிடிக்காதீர்கள். திருவக்கரை, சாத்தனூர் போன்ற காப்பிடங்களில் பார்த்து எழுதி வருவதோடு சரி. ஒரு துண்டும் பையில் வரக்கூடாது.

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒன்று. இங்கே பையன்கள் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் கதவோரம் நிற்கிறார்கள். கல்லுடைப்பவர் வீட்டுப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். இது எந்த நியாயம்? இங்கிலாந்தில் மேரி ஆனிங் என்ற தச்சர் மகள், பன்னிரண்டு வயதளவில் கடலோரப் பாறையிலிருந்து பெரியதொரு பழங்காலக் கடற் பிராணியின் எலும்புக்கூட்டை வெளிப்படுத்தினாள். 1847-ல் சாகும்வரை லண்டன் பாறை நூற் சங்கம் அவளைச் சேர்க்கவில்லை. பெண்களை அங்கத்தினராக்க அதற்கு 1919 வரை ஆயிற்று. அந்த வெட்கம் நமக்கு வேண்டாம். இவ்வூரில் எந்தக் கல் எப்படிப் பிளக்கும் என்று நம் எல்லோரையும்விட அறிந்தவர்கள் வாசலில் நிற்கும் அந்தப் பிள்ளைகளே. அவர்களை உள்ளே அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். அதன் பிறகு முதல் கல்லுக்கு முதல் எண்ணை அவர்களில் ஒருவர் எழுதட்டும். அதைப் பார்த்துவிட்டு நாம் ஊருக்குப் புறப்படுகிறோம்.