'இரண்டு மெகா' எவ்வளவு?

தொலைத்தொடர்புத் துறையார் 'இரண்டு மெகா' என்றழைக்கும் இணைப்பு நொடிக்கு எத்தனை துண்மிகளைச் சுமக்கிறது? பிட்டு என்பதே துண்மி. விடை 20,00,000 அன்று, 20,97,152-உம் அன்று.

ஐரோப்பிய முறையில் பேச்சொலி நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் எட்டுத் துண்மிகளாகிறது. எனவே ஒரு பேச்சுத்தடத்துக்கு 64,000. அத்தகைய தடங்கள் 32 சேர்ந்தது இவ்விணைப்பு: 30 பேச்சுக்கு, ஒன்று ஒழுங்குக்கு, ஒன்று அழைப்புக் குறிகளுக்கு. பெருக்கிப் பார்ப்பின் 20,48,000.

குழப்பத்தின் வேர் 'கிலோ'வில் உள்ளது. செலுத்துவிரைவில் அது 1,000. கணிப்பொறி நினைவகத்திலோ 1,024. மெகா அதனதன் தற்பெருக்கம். நினைவகக் கணக்கைக் கொண்டு வலையம் திட்டமிடுவோர், இல்லாத 49,152 துண்மிகளை இருப்பதாய் எழுதிவிடுகின்றனர். ஒரு பேச்சுத்தடத்தின் முக்காற் பங்கினும் மிகுதி அது! 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024-க்குக் 'கிபி' எனத் தனிப்பெயர் வகுத்தும் பழைய வழக்கு ஒழிந்தபாடில்லை. தமிழில் 'ஆயிரம்' என்றிருந்தால் இவ்விடர் நேர்ந்திராது. ஆயிரத்துக்கு இரண்டு மதிப்பு எவரும் கொண்டதில்லை.

கோப்புகளோ பைட்டில், அஃதாவது எட்டுத் துண்மி கொண்ட எண்மியில், அளக்கப்படுவன. 10,48,576 எண்மிக் கோப்பொன்று, இவ்விணைப்பு முழுவதையும் தானே கொண்டாலும், 4.096 நொடி எடுக்கும். எட்டால் பெருக்க மறந்தவர் அரை நொடி என்பர்.

இணைப்புகளைக் கூட்டும்போதும் வெறும் பெருக்கல் போதாது. பழைய அடுக்குமுறையில் நான்கு இணைப்புகள் சேர்ந்த அடுத்த படி 81,92,000 அன்று, 84,48,000. நான்கின் கடிகாரங்களும் மயிரிழை முன்பின்னாக ஓடுவதால், அவற்றை ஒருப்படுத்தவும் ஒழுங்கு காக்கவுமே எஞ்சிய 2,56,000 செலவாகிறது.