தாய்வீட்டுச் சாவி
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



நம் ஊரைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். மட்டக்களப்பு என்றால் பாடும் மீனில் தொடங்குவது வழக்கம். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுநுனியில் காதை வைத்தால் ஓசை கேட்கும் என்பார்கள். மீன் என்பார் சிலர், ஊரி என்பார் சிலர். எதுவானாலும் தோணியில் இருப்பவர்கள் வாய் மூடினால்தான் கேட்கும். எங்கள் வகுப்புக்கு அது கைகூடவேயில்லை!

நம் வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை, வயற்பக்கம் படுவான்கரை. இடையே புளியந்தீவு. அங்கே போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் பிடித்தனர். 1814இல் வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் ஓராண்டுக்குள் மறைந்தாலும் அவர் தொடங்கிய பாடசாலை நிலைத்தது. 1924இல் லேடி மானிங் பாலம் வந்தது. ஒரு பக்கத்து வாகனம் போகும்வரை மறுபக்கம் காத்திருக்க வேண்டிய அந்த இரும்புப் பாலத்தில்தான், மணியடிக்கும் முன் வந்துசேர நம்மில் பலர் சைக்கிள் மிதித்தோம். அதனருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது.

கோட்டையும் பாலமும் வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டியவை. ஊரைத் தாங்கியது வேறொன்று. மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூரார் கேலி பேசுவதை நாம் எத்தனை இடத்தில் கேட்டிருப்போம்! மந்திரம் ஒன்றுமில்லை. இங்கே குடி தாய்வழி வருகிறது, வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்குப் பக்கத்து வளவில் அத்திவாரம் போடுவார்கள். அதனால் ஒரே ஒழுங்கையில் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, அக்கா எல்லோரும் இருந்தார்கள். பாடசாலை விட்டு வந்தால் எந்த வீட்டிலும் நமக்குச் சோறு இருந்தது.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை தப்பிய வீட்டில் ஒழுங்கையே ஒதுங்கியது. யுத்த காலத்தில் பிள்ளைகள் திரும்பிவராத வீடுகளிலும் விளக்கை அணையவிடாமல் வைத்திருந்தவர்கள் பெண்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியையும் கல்லடியையும் வாரியபோது, தப்பி வந்தவர்களுக்கு எத்தனையோ சகோதரிகளின் கதவு திறந்தது.

இன்று அந்த மகள்மார் நாம் போய்விட்டோம். கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண். சீதன வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி நம் கைப்பையில் இருக்கிறது. விற்பதா, வைத்திருப்பதா என்று தொலைபேசியில் அக்கா தங்கைக்குள் மனத்தாங்கல். விற்றவர்களும் நம்மில் உண்டு. பிள்ளைகளின் படிப்பும் வைத்தியச் செலவும் நாம் அறியாதவை அல்ல. யாரையும் குறை சொல்ல வரவில்லை.

இரண்டு வேண்டுகோள்கள் மட்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் படுவான்கரை கிட்டத்தான் வந்துவிட்டது. ஆனாலும் மாலை வகுப்பு முடிந்து இருட்டில் வீடு போவது ஒரு பெண்பிள்ளைக்கு இன்னும் இலேசல்ல. உயர்தரம் படிக்க வரும் அப்பிள்ளைகள் தங்க, பூட்டிய வீடுகளில் ஒன்றிரண்டையாவது திறந்துவிடுவோம். பொறுப்பான ஓர் அம்மாவையும் அங்கே இருத்துவோம். மகளுக்கென்று கட்டிய வீடு, இன்னொருவரின் மகளுக்கு உதவட்டும்.

அடுத்தது, நாம் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதுவோம். அம்மா, அம்மம்மா, அவருடைய அம்மா. அவர்கள் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த வீடு, ஏறிய தோணித்துறை. காணி உறுதியில் எல்லை இருக்கும், இந்தக் கதை இருக்காது. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிப் பாடசாலை நூலகத்தில் சேர்ப்போம்.

சாவி வைத்திருப்பவர்கள் தேநீர் வேளையில் நம் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.